பதினைந்தாவது கார்டு

அந்த ஊரில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டாலும் அது ஒரே கையெழுத்தில்தான் இருக்கும். பிறந்தநாள் வாழ்த்தும் அப்படித்தான், 'சீக்கிரம் குணமாகி வாருங்கள்' என்பதும் அப்படித்தான். வங்கி மேலாளர் தன் காசாளருடைய தாயார் இறந்ததற்கு அனுப்பிய அனுதாபமும், அதே வாரம் ஒரு பஸ் கண்டக்டர் தனக்கு நிச்சயித்த பெண்ணுக்கு அனுப்பிய கொஞ்சலும் ஒரே கை, ஒரே மை, ஒரே சாய்வு. யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. ஊரில் இருப்பது ஒரே ஒரு பூக்கடை. போனில் ஆர்டர் சொன்னால், கூடச் சொல்கிற சேதியைக் கடைக்கார அம்மாள் உள்ளங்கை அகல வெள்ளைக் கார்டில் தன் கைப்பட எழுதி, பூங்கொத்தில் செருகி வீட்டுக்கு அனுப்பிவைப்பாள். முப்பது வருஷமாக இதுதான் நடைமுறை.

அந்த அம்மாளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் போனை எடுத்ததும் ஒரு வணக்கம் கூட இல்லாமல் "ஆர்டர் சொல்லுங்க" என்று தொடங்குகிற பழக்கத்தால் ஊர் அவளை ஆர்டரம்மா ஆக்கிவிட்டது. ஐம்பத்தேழு வயது. ஒல்லியான உடம்பு, முள் கிழித்துக் கிழித்துக் காய்த்துப் போன விரல்கள், மூக்கு நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கிற கண்ணாடி. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "ஆர்டர் வரலை" என்பாள். முகத்தில் சிரிப்பின் சுவடே இருக்காது. சிரிப்பதா வேண்டாமா என்று கேட்டவர்தான் திருதிருவென்று விழிப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் அவள் கறார். வீட்டில் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு இருப்பார்கள், நாய் உண்டா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் ஆர்டரையே எழுதுவாள். வாசலில் பூவை வைத்துவிட்டு வருகிற பேச்சே கிடையாது, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போக வேண்டும். எழுதி முடித்ததும் கார்டுச் சேதியை போனிலேயே ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டுவாள். நகரத்துக் கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டரில் வருகிற ஆர்டர்களில் வாழ்த்து அச்சாகவே வந்துவிடும், அதையும் பார்த்துப் பார்த்துக் கையால்தான் எழுதுவாள். எல்லாவற்றையும் விட ஒரு பிடிவாதம் உண்டு. "நீங்களே நல்லதா ஏதாவது போட்டு எழுதிடுங்கம்மா" என்று யாராவது நழுவப் பார்த்தால் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். உங்க வாயால சொல்லுங்க, நான் எழுதறேன் என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவாள். பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுப் பூ அனுப்ப வந்த ஒரு மரக்கடைக்காரர், "இனிமே கத்த மாட்டேன்" என்ற மூன்று வார்த்தையை வெளியே எடுக்கப் பன்னிரண்டு நிமிஷம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஆர்டரம்மா பொறுமையாகக் காத்திருந்து எழுதிக்கொண்டாள். அப்புறம் அவர் கத்தினாரா என்பது அவர் வீட்டு விஷயம்.

கடையில் சொன்ன விஷயம் கடையைத் தாண்டாது. இது அவள் தலையில் அடித்துச் செய்கிற சத்தியம். சின்ன ஊரில் பூ வியாபாரம் நடத்த இது இல்லாமல் முடியாது. யார் யாருக்குப் பூ அனுப்பினார்கள் என்று ஒரு நாள் வாயைத் திறந்தால் மறுநாள் கடையைச் சாத்த வேண்டியதுதான். இந்தச் சத்தியம்தான் அவளைக் கொண்டுபோய்ப் படுகுழியில் தள்ளியது. அந்தக் கதைக்கு வருவோம்.

ஒரு திங்கட்கிழமை காலை, ரோஜாத் தண்டுகளைச் சாய்வாக வெட்டி வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா மகன். ஆறு மணி நேரத் தூரத்தில் வேலை பார்க்கிறவன். வருஷத்துக்கு ஒரு முறை, தன் அம்மாவின் பிறந்தநாளுக்குப் பூ அனுப்பச் சொல்லிச் சித்திக்கு போன் செய்வான். பிறந்தநாளுக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது.

"சித்தி, இது ஆர்டர் இல்லை. அம்மா ரிட்டையர் ஆயிட்டாங்க இல்ல, வீட்டை வித்தாச்சு. சனிக்கிழமை காலையில கார் எடுத்துட்டு வந்து என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்."

திரும்பி எப்போது வருவாள் என்று கேட்டாள் ஆர்டரம்மா.

"எதுக்கு வரணும் சித்தி? அங்க அவங்களுக்கு யார் இருக்கா?"

பிள்ளை மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் அது நறுக்கென்று தைத்தது. நாலு தெரு தள்ளிக் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவள் யார் கணக்கிலும் இல்லை. போனை வைத்த பிறகு ஆர்டரம்மா வெட்ட வேண்டிய இடத்தை விட்டு ஒரு சாண் மேலே வெட்டி, நல்ல பூ ஐந்தாறைப் பாழாக்கினாள்.

அக்காவை ஊர் கணக்கு டீச்சர் என்று அழைக்கும். பெண்கள் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அக்காவும் தங்கையும் கடைசியாகப் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. காரணம் அக்கா புருஷன். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்த சர்வேயர். அந்த மனுஷனைப் பற்றிப் பேசினாலே வாய் கசக்கும், ஆனாலும் அவரைத் தாண்டிக் கதை நகராது.

சர்வேயர் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து போன் செய்து, மருந்துக்கடையில் பில் போடுகிற பெண்ணுக்கு ஒரு பூங்கொத்து அனுப்பச் சொன்னார். தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில் உதவியாக இருந்தாளாம், நன்றி என்று எழுதினால் போதுமாம். ஆர்டரம்மா எழுதினாள். அடுத்த மாசம் மறுபடி அதே பெண்ணுக்கு. இந்த முறை சேதி நன்றியைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. ஆர்டரம்மாவின் பேனா நின்றது. மாமா, இது என்ன, என்று கேட்டாள். "ஆர்டர்னா ஆர்டர்தானே? கடை விஷயம் கடையைத் தாண்டாதுன்னு நீதானே சொல்லுவே?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. ஊரில் வேறு பூக்கடை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும், கொழுந்தியாள் குணமும் தெரியும். நின்ற பேனா மறுபடி ஓடியது. பதினாலு மாசம், பதினாலு கார்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, அக்கா முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள். என்ன நெஞ்சழுத்தம் என்று கேட்கத் தோன்றும். அவளும் தன்னையே பல நாள் அப்படிக் கேட்டுக்கொண்டவள்தான்.

உன்னோடு வந்துவிடுகிறேன், வந்துவிடுகிறேன் என்று சர்வேயர் மருந்துக்கடைப் பெண்ணுக்குத் தவணை சொல்லிக்கொண்டே இருக்க, அவள் பொறுமையிழந்து பதினாலு கார்டையும் ஒரு கவரில் போட்டு டீச்சர் வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். அக்கா கவரைப் பிரித்தாள். புருஷனுடைய காதல் முழுவதும் தங்கையின் கையெழுத்தில் இருந்தது.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா நேரே கடைக்கு வந்து, ரிப்பன் வெட்டுகிற மேஜை மேல் பதினாலையும் வரிசையாகப் பரப்பினாள். "இதையெல்லாம் எழுதும்போது உனக்குக் கை நடுங்கலையா?" என்று கேட்டாள்.

காலில் விழுந்திருக்கலாம். அழுதிருக்கலாம். ஒன்றும் பேசாமல் நின்றிருந்தால் கூட நல்லது. ஆர்டரம்மா சொன்னது என்ன தெரியுமா? "கடை விஷயம் வெளியே போகக் கூடாதுக்கா." அக்கா ஒரு நிமிஷம் அவளை உற்றுப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். சர்வேயர் அந்த மாசமே மாற்றல் வாங்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார், மருந்துக்கடைப் பெண்ணையும் கூட்டிப் போகவில்லை. போகிறபோது யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா அந்தத் தெரு வழியாக வருவதையே விட்டாள். மகன் அனுப்புகிற பூவை மட்டும் கடையின் டெலிவரி வேன்காரர் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள்.

இப்போது சனிக்கிழமை அவள் போய்விடப் போகிறாள். அதற்குள் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று ஆர்டரம்மா முடிவு கட்டினாள். முடிவு கட்டிவிட்டாள் என்றால் அப்புறம் அவளை அசைக்க முடியாது. ஆனால் எப்படிக் கேட்பது? நேரில் போனால் கதவைத் திறப்பாளோ மாட்டாளோ. தனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பூ அனுப்புவது.

செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு கட்டுக் கார்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் எழுதிய கை தனக்கு என்று வந்ததும் முரண்டு பிடித்தது. 'அன்புள்ள அக்கா' என்று தொடங்கினாள். அக்கா என்று கூப்பிட்டே ஒன்பது வருஷம் ஆகிறது, எந்த உரிமையில் எழுதுவது என்று கிழித்தாள். நடந்தது என்னவென்றால் என்று ஆரம்பித்து, சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று அதையும் கிழித்தாள். மரக்கடைக்காரரின் பன்னிரண்டு நிமிஷம் எவ்வளவு சின்னது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. காலடியில் ஒன்பது கார்டு கிழிந்து கிடக்க, பத்தாவதில் சுருக்கமாக எழுதினாள்.

'தப்பு செஞ்சுட்டேன். அன்னைக்கே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிடு.'

கீழே பேர் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. தன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியாதா, கூடப்பிறந்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று நினைத்தாள். அக்காவுக்குப் பிடித்த மஞ்சள் ரோஜாவாகப் பொறுக்கியெடுத்து, ஒரு முள் விடாமல் நீக்கி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, வேன்காரரிடம் கொடுத்தாள். யார் அனுப்பினது என்று கேட்டால் கார்டைப் பார்க்கச் சொல்லுங்கள், வேறு ஒன்றும் பேச வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். வேன்காரர் பேசாமல் இருப்பது என்பது நடக்கிற காரியமில்லை, அதனால் இரண்டு தடவை சொன்னாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வேன்காரர் பெரிய உற்சாகத்தோடு திரும்பி வந்தார். டீச்சர் நின்றபடியே கார்டைப் படித்தாராம். அப்புறம் கட்டிவைத்திருந்த அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஒரே அழுகை, நடுநடுவே சிரிப்பு. இது போன்ல வந்த ஆர்டரா என்று டீச்சர் கேட்டதற்கு, எல்லாம் கார்டுல இருக்கும்மா என்று சொன்னாராம் இவர். முகம் கழுவிக்கொண்டு வந்து, இவரை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாராம். "இத்தனை வருஷத்துல அந்த அம்மா சிரிச்சு நான் பார்த்ததே இல்லை" என்றார் வேன்காரர்.

ஆர்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று போன ஆர்டர் ஒவ்வொன்றிலும் கேட்காமலே இரண்டு பூ கூட வைத்தாள். புதன்கிழமை பூராவும் போன் அடிக்கும்போதெல்லாம் ஈரக்கையைத் துடைக்காமலே ஓடினாள். ஒரு பிறந்தநாள், ஒரு கல்யாணநாள், மூலநோய் கிளினிக் திறந்த டாக்டருக்கு ஒரு வாழ்த்து. எழுதும்போது மூலநோய் கிளினிக் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும் என்று அவர் தம்பி வேறு அடம்பிடித்தார். அக்கா கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு அடித்த போன்தான் அது.

"ஆர்டர் சொல்லுங்க."

"எழுதிக்கோங்க," என்றது அந்தப் பக்கம்.

முப்பத்தைந்து வருஷம் வகுப்பு அறைகளில் ஒலித்த குரல். மாறவே இல்லை. 'எழுதிக்கோங்க' என்று மரியாதை போட்டது சுருக்கென்றிருந்தாலும், ஒன்பது வருஷக் கோபம் ஒரே நாளில் இறங்குமா, பேசினாளே, அது போதாதா என்று ஆர்டரம்மா பேனாவை எடுத்தாள். யாருக்கு என்று கேட்டாள், எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே.

"செவ்வாய்க்கிழமை எனக்குப் பூ அனுப்பச் சொல்லி உங்களுக்கு போன் பண்ணினாரே, அவருக்கு. விலாசம் என்கிட்ட இல்லை. உங்ககிட்டக் கொடுத்திருப்பார்."

ஆர்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அவர். அக்கா 'அவர்' என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. தப்பு செஞ்சுட்டேன், உண்மையைச் சொல்லியிருக்கணும், மன்னிச்சிடு. அந்த வார்த்தைகளை சர்வேயர் சொன்னதாக எடுத்துக்கொண்டால் ஒரு எழுத்து கூடப் பிசகாமல் பொருந்துகிறது. தங்கையின் கையெழுத்தா? அந்தக் கையெழுத்தில்தானே அக்காவின் புருஷன் பதினாலு தடவை பேசியிருக்கிறார். அந்தக் கையெழுத்தில்தானே மகன் வருஷா வருஷம் வாழ்த்துச் சொல்கிறான். அந்தக் கை யார் யாருடைய மனசையோ எழுதும் என்பது ஊரறிந்த சங்கதி. அதற்கென்று ஒரு மனசு இருக்கும் என்று எவருக்குத் தோன்றும்?

அந்தப் பக்கம் அக்கா சேதியைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். கை பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனது. எழுதி முடித்ததும், உங்க கடையில திருப்பிப் படிப்பீங்களே, படிங்க, என்றாள் அக்கா. ஆர்டரம்மா படித்தாள்.

"கார்டு கிடைச்சது. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஒன்பது வருஷமாக் காத்துட்டிருந்தேன். சனிக்கிழமை இந்த ஊரை விட்டுப் போறேன். நாளைக்குப் பூரா வீட்டுலதான் இருப்பேன். வாங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை.

"சரியா இருக்கு," என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "எப்படி இருக்கார்? குரல் நல்லா இருந்துச்சா?" ஆர்டரம்மா பதிலுக்கு வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள், "வேண்டாம், நீங்க சொல்ல மாட்டீங்க. கடை விஷயம் வெளியே போகக் கூடாதே." போன் வைக்கப்பட்டது. அக்கா என்று ஆர்டரம்மா கூப்பிட்டது வெறும் கம்பிக்குத்தான் கேட்டது.

ஸ்டூலில் அவள் உட்கார்ந்த உட்காரலைப் பார்த்து வேன்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு அவள் தன் சத்தியத்தை முதல் தடவையாக மீறி நடந்ததை எல்லாம் அவரிடம் கொட்டித் தீர்த்தாள். கேட்டுவிட்டு வேன்காரர் தாடையைத் தடவினார். இதில் என்ன கெட்டுப்போச்சு என்பது அவர் கட்சி. அந்த அம்மாள் நாளை மறுநாள் போகப் போகிறார். போகிற மனுஷி மனசு குளிர்ந்து போகட்டுமே. வர முடியவில்லை, உடம்பு சரியில்லை, நீ நல்லா இரு என்று அவர் சொன்ன மாதிரி இன்னொரு கார்டு எழுதினால் காரியம் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? அந்த ஆளா வந்து இல்லையென்று சொல்லப் போகிறான்? உண்மையைச் சொன்னால்தான் அந்த அம்மா செத்துப்போவாங்க என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் சங்கடம். ஆர்டரம்மா ஒரு வெள்ளைக் கார்டை எடுத்தாள். இதற்கு ஒன்பதைக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. வார்த்தைகள் தாமாகவே வந்து நின்றன, பேனாவை வைத்தால் போதும். அக்கா சந்தோஷமாக ஊர் போய்ச் சேருவாள். மகனுக்கு நிம்மதி. தனக்கும் எந்த வம்பும் இல்லை. மன்னிப்பு மட்டும் கிடைக்காது, அது கிடைத்தவர் சர்வேயராக இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த எளிதுதான் அவளை உலுக்கியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில், இதே மாதிரி எளிதாகத்தான் எழுதினாள். அக்கா சந்தோஷமாக இருக்கிறாள், எதற்குக் கெடுப்பது என்றுதான் அன்றைக்கும் நினைத்தாள். அந்த ஆள் சார்பில் இன்னொரு எழுத்து எழுதினால் இந்தக் கையை என்ன செய்தால் தகும்?

கார்டைக் கட்டுக்குள் திரும்ப வைத்தாள். முப்பது வருஷத்தில் வேலைநாளில் நடுப்பகலில் ஷட்டர் முழுவதும் இறங்கியது அன்றுதான். மீதி டெலிவரியை எல்லாம் பார்த்துக்கொள்ளச் சொல்லி வேன்காரரை அனுப்பினாள். வேனில் கொண்டுவிடுகிறேன் என்றார், வேண்டாம் என்றாள். பூ எடுத்துக்கொள்ளவில்லை, கார்டு எழுதவில்லை. வெறுங்கையோடு நாலு தெருவையும் நடந்தாள். எதிரே வந்த தபால்காரர் கடை லீவா என்று கேட்டதற்கு நிற்காமலே தலையாட்டினாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கப் போகிற பிள்ளை மாதிரி.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் சுவரோரமாக அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சமையலறை ஒன்று, சமையலறை இரண்டு, புத்தகம் ஒன்று என்று டீச்சர் எழுத்து. சட்டி பானையெல்லாம் கட்டியாகிவிட்டதால் மஞ்சள் ரோஜாக்கள் ஒரு அளவுக் குவளையில் நின்றன. ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போடப்பட்டிருந்தன. கட்டிவைத்ததைப் பிரித்து எடுத்துப் போட்டவை, கால்களில் டேப் கிழிந்த அடையாளம் இருந்தது. அக்கா தலைக்குச் சாயம் பூசியிருந்தாள். காதோரம் கறுப்புக் கொஞ்சம் வழிந்து தோலில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் ஆர்டரம்மா ஒப்பித்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

அவளைக் கண்டதும் அக்கா பரபரப்பாக எழுந்து வந்தாள். "பதில் வந்துச்சா?"

"அக்கா, அந்தக் கார்டு மாமா சொன்னதில்லை. நான் எழுதினது. நானே, எனக்காக எழுதினது."

அக்காவின் முகம் இறுகியது. வர மாட்டேன்னுட்டாரா, என்றாள். வர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார், அதை மறைக்கத்தானே இப்போது வந்து நிற்கிறாய், அன்றைக்கும் அவருக்காக மறைத்தாய், இன்றைக்கும் மறைக்கிறாய், உனக்கு அவர் அப்படி என்னதான் கொடுத்தார் என்று நிறுத்தாமல் கேட்டாள். அவள் குரல் ஏற ஏற, எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ஆர்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். வெளியே போ என்றாள் அக்கா. போக மாட்டேன், முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றாள் இவள்.

சொன்னாள். முதல் கார்டில் நன்றி என்று மட்டும் இருந்ததை, இரண்டாவதிலேயே தனக்குப் புரிந்துபோனதை, கேட்டதற்கு அவர் சிரித்ததை, அந்தச் சிரிப்புக்குப் பயந்து மற்ற பன்னிரண்டையும் எழுதியதை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது தொண்டையில் இறங்காமல் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கியதை. அன்றைக்குக் கடையில் சொன்ன பதில் சத்தியம் இல்லை, கோழைத்தனம் என்பதை. இந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது கார்டைக் கிழித்ததை, அக்கா என்று எழுதத் தைரியம் வராமல் விட்டதை. எழுத்தில் மூன்று வரியில் அடங்கியது வாயால் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் எப்போதோ அக்கா, அடுக்காமல் கிடந்த ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அவர்..."

"இல்லைக்கா. ஒரு தடவை கூட போன் பண்ணலை. எங்க இருக்கார்னே எனக்குத் தெரியாது."

அக்கா அழுதாள். செவ்வாய்க்கிழமை வேன்காரர் பார்த்த அழுகை இல்லை இது. சாயம் பூசிய தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த வயசில் பைத்தியக்காரி மாதிரித் தலைக்கு மை தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேனே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஆர்டரம்மாவுக்குக் கிட்டே போகப் பயமாக இருந்தது. போனாள். தோளைத் தொட்ட கையை அக்கா உதறினாள். மறுபடி தொட்டாள். இரண்டாம் முறை உதறவில்லை.

"மன்னிச்சிடுக்கா," என்றாள் ஆர்டரம்மா.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "காலைல வரைக்கும் சந்தோஷமா இருந்தேன். சனிக்கிழமை அப்படியே போயிருப்பேன். எதுக்கு வந்து கெடுத்தே?"

"நாளைக்குப் பூரா அந்த நாற்காலியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பே. அவர் வர மாட்டார்னு தெரிஞ்சு நான் கடையில பூ வெட்டிட்டு இருக்க முடியாதுக்கா."

அக்கா திரும்பி ஜன்னலோரத்து நாற்காலிகளைப் பார்த்தாள். எழுந்து போய் அதில் ஒன்றைத் தங்கை பக்கமாக இழுத்துத் திருப்பினாள். அவருக்கென்று போட்டுவைத்த நாற்காலி.

"உட்காருடி," என்றாள். "சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. ஒன்பது வருஷத் திட்டு பாக்கி இருக்கு."

ஆர்டரம்மா உட்கார்ந்தாள். அக்கா எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தாள்.